யாரோடும் சேராத வாயு! 68 ஆண்டுகளுக்குப் பின் சேர்ந்த கதை

ஊரில் ஒரு பணக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் யாருக்கும் ஒரு காசு கொடுக்கமாட்டார். யாரிடமும் ஒரு காசு வாங்கவும் மாட்டார். கல்யாணத்துக்குப் போகமாட்டார். திருவிழாவுக்கு வரமாட்டார். அவரைப்பற்றி ஊரார் என்ன சொல்வார்கள்?

"அவர் அப்படித்தான்! அவரிடம் போய் நிற்காதே" என்பார்கள். நாளாக நாளாக அவருடைய கதவை யாரும் தட்டவே மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஆசாமிகள் காற்றிலும் இருக்கிறார்கள்!

மொத்தம் ஆறு வாயுக்கள். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான். இவற்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் "மந்த வாயுக்கள்". வேறு எந்தப் பொருளோடும் இவை சேரமாட்டா என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லின. பேராசிரியர்கள் சொன்னார்கள். பரீட்சையில் மாணவர்களும் அப்படியே எழுதி மார்க்கு வாங்கினார்கள்.

1962-ம் ஆண்டில் 29 வயது வாலிபர் ஒருவர் அந்தக் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது!

அந்தக் கதை இது.

கொடுக்கல் வாங்கல்

கதையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குத் தெரிந்தால் போதும். அது கொடுக்கல் வாங்கல் கணக்கு.

உலகில் உள்ள எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் ஒரு கரு இருக்கிறது. கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. எலக்ட்ரான் மிக மிகச் சிறியது. ஆனால், ஒரு பொருள் மற்றொரு பொருளோடு சேருவதும் சேராததும் இந்த எலக்ட்ரான்களைப் பொறுத்ததுதான்.

உலோகங்கள் பெரும்பாலும் எலக்ட்ரானைக் கொடுக்கும் ஜாதி. இரும்பு, செம்பு, துத்தநாகம், அலுமினியம் எல்லாம் அப்படித்தான். பிராண வாயுவாகிய ஆக்சிஜன், குளோரின், புளோரின் போன்ற வாயுக்கள் வாங்கும் ஜாதி.

கொடுப்பவரும் வாங்குபவரும் சந்தித்தால் என்ன ஆகும்? புதுப் பொருள் பிறக்கும்.

மழையில் நனைந்த இரும்பு ஆணியைப் பாருங்கள். சில நாளில் சிவப்பாகத் துருப் பிடிக்கிறது. ஆணியில் உள்ள இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டது. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதை வாங்கிக்கொண்டது. துரு என்பது அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி!

ஓர் அணு எத்தனை எலக்ட்ரான் கொடுத்தது, அல்லது எத்தனை வாங்கியது என்பதை ரசாயன விஞ்ஞானிகள் ஒரு எண்ணால் குறிப்பார்கள். அதற்கு "ஆக்சிஜனேற்ற எண்" என்று பெயர். முதன்முதலில் ஆக்சிஜனோடு சேரும் பொருள்களை வைத்தே இதை ஆராய்ந்தார்கள். அதனால் இந்தப் பெயர் வந்தது.

ஓர் எலக்ட்ரான் கொடுத்தால் கூட்டல் 1. இரண்டு கொடுத்தால் கூட்டல் 2. ஒன்று வாங்கினால் கழித்தல் 1. இவ்வளவுதான் கணக்கு!

உலோகத்துக்கு ஒரு குணம்

சில உலோகங்கள் ஒரே மாதிரி கொடுக்கும். சாப்பாட்டு உப்பில் சோடியம் என்ற உலோகம் இருக்கிறது. அது ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் இரண்டு கொடுக்கும்.

வேறு சில உலோகங்களின் கை தாராளம். ஆளுக்குத் தகுந்தபடி கொடுக்கும். இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அன்னபேதி பச்சை நிறம். அதில் இரும்பு இரண்டு எலக்ட்ரான் கொடுத்திருக்கிறது. துருவோ செந்நிறம். அதில் மூன்று கொடுத்திருக்கிறது. அதே இரும்புதான். கணக்கு மாறியது, நிறமும் மாறியது!

இன்னும் ஒரு உதாரணம். கிணற்றுத் தண்ணீரில் கிருமிகளைக் கொல்ல, பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்ற ஊதா நிற மருந்தைப் போடுவது உண்டு. அந்த ஊதா நிறத்துக்குக் காரணம் மாங்கனீஸ் என்ற உலோகம். அது 7 எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. இழந்ததைத் திரும்பப் பிடிக்கத் துடிக்கிறது. கிருமிகளிடமும் அழுக்கிடமும் எலக்ட்ரானைப் பறிக்கிறது. பறித்ததும் ஊதா நிறம் போய் பழுப்பு நிறம் வருகிறது. 7 என்ற எண் 4 ஆகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகமாகக் கொடுத்துவிட்ட உலோகம், கிடைத்த இடத்தில் பறிக்கும்! நம் கதையின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது.

எடையில் ஒரு வித்தியாசம்

சேராத வாயுக்கள் எப்படி அகப்பட்டன? அதுவே ஒரு துப்பறியும் கதை.

இங்கிலாந்தில் ராலே பிரபு என்ற விஞ்ஞானி இருந்தார். வாயுக்களை எடை போடுவது அவர் வேலை. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் வாயுவை எடை போட்டார். பிறகு, அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனை எடை போட்டார். இரண்டும் ஒரே வாயு. எடையும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்?

இல்லை! ஒரு லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் வித்தியாசம் வந்தது. காற்றிலிருந்து எடுத்ததுதான் கனம்.

7 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. வேறு ஒருவர் என்றால், "தராசில் ஏதோ கோளாறு" என்று விட்டிருப்பார். ராலே விடவில்லை. வில்லியம் ராம்சே என்ற மற்றொரு விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்துகொண்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கினார்கள். நைட்ரஜனையும் நீக்கினார்கள். மிச்சம் ஒன்றும் இருக்கக்கூடாது. ஆனால், ஒரு வாயு மிச்சம் இருந்தது!

1894-ம் ஆண்டு உலகத்துக்கு அதை அறிவித்தார்கள். அதற்கு "ஆர்கான்" என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் அதற்கு "சோம்பேறி" என்று பொருள். எதனோடும் சேராமல் சும்மா இருந்ததால் அந்தப் பெயர்!

காற்றில் 100-ல் ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான்தான். பழைய குண்டு பல்புக்குள் அடைக்கப்படுவதும் இதுதான். பல்பின் உள்ளே கம்பி வெள்ளையாகக் காய்கிறது. ஆக்சிஜன் இருந்தால் கம்பி எரிந்துபோகும். ஆர்கான் எதையும் செய்யாது. சோம்பேறிக்கும் ஒரு வேலை கிடைத்தது!

1898-ம் ஆண்டு ராம்சேயும் டிராவர்ஸ் என்பவரும் நியான், கிரிப்டான், செனான் என்று மூன்று வாயுக்களைக் கண்டுபிடித்தார்கள். செனான் என்றால் "அந்நியன்" என்று பொருள். காற்றில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பங்கில் ஒரு பங்குதான் செனான். அவ்வளவு அபூர்வம்!

1904-ம் ஆண்டு ராலேக்கு பௌதிக நோபல் பரிசும், ராம்சேக்கு ரசாயன நோபல் பரிசும் கிடைத்தன.

கொலைகார வாயு

இனி, வில்லனைப் பார்ப்போம். அவன் பெயர் புளோரின்.

வாங்கும் ஜாதியில் புளோரினுக்கு மேல் ஒருவன் கிடையாது. ஆக்சிஜன்கூட அதற்கு அடுத்தபடிதான். புளோரின் எப்போது சேர்ந்தாலும் ஓர் எலக்ட்ரானை வாங்கியே தீரும். அதனுடைய எண் எப்போதும் கழித்தல் 1. விலக்கே கிடையாது.

தண்ணீரோடு சேர்ந்தால் எரியும். உலோகத்தைத் தின்னும். மனிதனின் நுரையீரலைப் புண்ணாக்கும். இதைத் தனியாகப் பிரித்து எடுக்க முயன்ற விஞ்ஞானிகள் பலர். பெல்ஜியத்தில் லூயே என்பவர் உயிர் இழந்தார். பிரான்சில் நிக்லே என்பவர் உயிர் இழந்தார். அயர்லாந்தைச் சேர்ந்த நாக்ஸ் சகோதரர்கள் விஷம் தாக்கி நோயாளிகள் ஆனார்கள்.

கடைசியில் 1886-ம் ஆண்டு பிரான்சு விஞ்ஞானி ஆன்ரி முவாசான் வெற்றி பெற்றார். அதற்காக 1906-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற சில வாரங்களிலேயே, 1907 பிப்ரவரியில், அவர் இறந்துபோனார்.

ஆர்கான் கண்டுபிடிக்கப்பட்டதும் ராம்சேக்கு ஒரு யோசனை தோன்றியது. "சேராத வாயுவையும், விடாத வாயுவையும் ஒன்றாக அடைத்தால் என்ன?"

கொஞ்சம் ஆர்கானை பாரிசுக்கு அனுப்பினார். முவாசான் அதில் புளோரினைக் கலந்தார். மின்சாரப் பொறியையும் பாய்ச்சினார்.

ஒன்றும் நடக்கவில்லை!

"புளோரினிடமே தப்பிவிட்டது. இனி யாரிடம் அகப்படும்?" என்று உலகம் முடிவு கட்டியது.

எட்டு இருக்கைகள்

ஏன் சேரவில்லை என்பதற்குக் காரணமும் பிறகு கிடைத்தது.

அணுவின் வெளிச் சுற்றில் எட்டு இருக்கைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எட்டும் நிரம்பிவிட்டால் அணுவுக்குத் திருப்தி. சோடியத்துக்கு வெளியே ஒரே ஓர் எலக்ட்ரான் தனியாக நிற்கிறது. அதைத் தள்ளிவிட்டால் நிம்மதி. ஆகவே கொடுக்கிறது. புளோரினுக்கு ஏழு இருக்கிறது. ஒரு இடம் காலி. ஆகவே பிடுங்குகிறது.

நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் ஐந்துக்கும் எட்டு இடமும் நிரம்பி இருக்கிறது. ஹீலியம் சின்ன அணு. அதற்கு இரண்டே இடம். அந்த இரண்டும் நிரம்பி இருக்கிறது. கொடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. வாங்கவேண்டிய அவசியமும் இல்லை.

ஆகவே, மந்த வாயுக்களின் எண் பூஜ்யம். என்றும் பூஜ்யம். இப்படித்தான் புத்தகத்தில் அச்சாகியது.

ஒருவர் சந்தேகப்பட்டார். அவர் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங். "கிரிப்டானும் செனானும் புளோரினோடு சேரக்கூடும்" என்று 1933-ம் ஆண்டிலேயே சொன்னார். அவர் பணியாற்றிய கலிபோர்னியா நிறுவனத்திலேயே யோஸ்ட், கே என்ற இருவர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

தோல்வி!

அதற்குப் பிறகு ஏறத்தாழ 30 ஆண்டுக்காலம் இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மயில்துத்தம் காட்டிய வழி

நீல் பார்ட்லெட் 1932-ம் ஆண்டு இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, 12 வயதில், ஒரு பரிசோதனை செய்தார். மயில்துத்தம் கரைத்த நீல நிறத் தண்ணீரில் அம்மோனியாவை ஊற்றினார். அழகான படிகங்கள் கிடைத்தன. பையன் மயங்கிப்போனான்! அன்றே ரசாயனத்தில் ஆசை பிடித்தது. கையில் கிடைத்த காசைக்கொண்டு ரசாயனப் பொருள்களை வாங்கி, வீட்டிலேயே ஒரு சோதனைச்சாலை வைத்தான்.

பெரியவன் ஆகி டாக்டர் பட்டம் பெற்றான். 1958-ம் ஆண்டு கனடா நாட்டுக்குப் போய், வான்கூவர் நகரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனான்.

அங்கே பார்ட்லெட் எடுத்துக்கொண்ட உலோகம், பிளாட்டினம்.

பிளாட்டினம் தங்கத்தைவிடக் கனமானது. துருப் பிடிக்காது. சாதாரணத் திராவகத்தில் கரையாது. மிக அழுத்தக்காரன்! ஆனால் புளோரினிடம் அகப்பட்டால், அந்த அழுத்தக்காரனும் ஆறு எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். ஆறு புளோரின் அணுக்கள் ஒரு பிளாட்டினம் அணுவைச் சூழ்ந்து ஆளுக்கு ஒன்றாக இழுத்துக்கொள்ளும். அப்போது கிடைக்கும் பொருளுக்கு "பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடு" என்று பெயர். அதன் ஆவி, ரத்தச் சிவப்பு. அமெரிக்காவில் உள்ள ஆர்கான் தேசியச் சோதனைச்சாலையில் 1957-ம் ஆண்டு முதன்முதலில் அதைத் தயாரித்தார்கள். (அந்தச் சோதனைச்சாலையின் பெயருக்கும் ஆர்கான் வாயுவுக்கும் சம்பந்தம் இல்லை.)

இங்கே பிளாட்டினத்தின் எண் கூட்டல் 6. அதிகமாகக் கொடுத்துவிட்ட உலோகம் என்ன செய்யும் என்று முன்பே பார்த்தோம். கிடைத்த இடத்தில் பறிக்கும்!

கொள்ளைக்காரனிடமே கொள்ளை

பார்ட்லெட்டின் ஆராய்ச்சியில் ஒரு சிவப்பு நிறத் தூள் அடிக்கடி தலை காட்டியது. அது என்ன என்று முதலில் புரியவில்லை. லோமன் என்ற மாணவரும் அவரும் அதைச் சோதித்தார்கள்.

விடை கிடைத்தபோது அவர்களாலேயே நம்பமுடியவில்லை.

அதில் பிளாட்டினம் இருந்தது. புளோரின் இருந்தது. ஆக்சிஜனும் இருந்தது. ஆனால், ஆக்சிஜன் அங்கே எலக்ட்ரானை வாங்கவில்லை. கொடுத்திருந்தது!

இரும்பைத் துருவாக்கும் ஆக்சிஜன்! விறகை எரிக்கும் ஆக்சிஜன்! காலம் காலமாக மற்றவர்களிடம் பறித்தே பழகிய ஆக்சிஜன்! அதனிடமே ஓர் எலக்ட்ரான் பறிக்கப்பட்டுவிட்டது.

சந்தேகம் தீர, ஆக்சிஜன் வாயுவையும் அந்தச் சிவப்பு ஆவியையும் நேருக்கு நேர் கலந்து பார்த்தார்கள். சூடுகூடக் காட்டவில்லை. உடனே அதே தூள் வந்தது. பிளாட்டினத்தின் எண் 6-லிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பறித்தது நிச்சயம்!

இரண்டு எண்கள்

1962-ம் ஆண்டின் தொடக்கம். வகுப்பில் பாடம் நடத்துவதற்காகப் பார்ட்லெட் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு படம் இருந்தது. ஒவ்வொரு தனிமத்திடமிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பதைக் காட்டும் படம்.

அதை ஒரு விலைப்பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். மந்த வாயுக்களின் விலை இது:

ஹீலியம் 24.6, நியான் 21.6, ஆர்கான் 15.8, கிரிப்டான் 14, செனான் 12.1, ரேடான் 10.7.

பட்டியலைக் கவனித்தீர்களா? அணு பெரிதாகப் பெரிதாக விலை இறங்குகிறது. காரணம் எளிது. ஹீலியம் மிகச் சின்ன அணு. அதன் எலக்ட்ரான், வீட்டுக்குள் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய நகை மாதிரி. செனான் பெரிய அணு. அதன் வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. திண்ணையில் வைத்த செம்பு மாதிரி!

பார்ட்லெட்டின் கண் செனான் மீது விழுந்தது. விலை 12.1. உடனே அவருக்கு ஆக்சிஜன் நினைவு வந்தது. ஆக்சிஜனின் விலை என்ன? அதுவும் ஏறத்தாழ 12!

ஆக்சிஜனிடம் பறித்த பிளாட்டினப் புளோரைடு, செனானிடம் ஏன் பறிக்கக்கூடாது?

இந்தப் பட்டியல் ரகசியம் அல்ல. எல்லோர் மேஜையிலும் இருந்த புத்தகம்தான். எத்தனையோ பேர் பார்த்த எண்கள்தான். ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஏன் கூடாது?" என்று கேட்டவர் அவர்.

மார்ச் 23

1962 மார்ச் 23-ந் தேதி, வெள்ளிக்கிழமை. மாலை நேரம். பார்ட்லெட் சோதனைச்சாலையில் தனியாக இருந்தார்.

கண்ணாடிக் கருவியின் ஒரு பக்கத்தில் சிவப்பு ஆவி. மறுபக்கத்தில் நிறமே இல்லாத செனான். நடுவில் மெல்லிய கண்ணாடித் தடுப்பு.

மணி 6.45 இருக்கும். தடுப்பை உடைத்தார்.

இரண்டு வாயுக்களும் சந்தித்தன. ஒரு கணம்! அவ்வளவுதான். கண்ணெதிரே ஆரஞ்சு கலந்த மஞ்சள் தூள் படிந்தது.

68 ஆண்டு "முடியாது" அந்த ஒரு கணத்தில் முடிந்தது!

பார்ட்லெட் வெளியே ஓடினார். யாரிடமாவது சொல்லவேண்டும் என்று துடித்தார். ஆனால் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். உலகத்தையே ஆச்சரியப்படுத்தப்போகும் செய்தி, கேட்பதற்கு ஆள் இல்லாமல் காத்திருந்தது!

அந்த ஆண்டு ஜூன் மாதம் லண்டன் பத்திரிகை ஒன்றில் அவருடைய சிறு கட்டுரை வெளிவந்தது. அந்தச் சின்னக் குறிப்பு போதுமானதாக இருந்தது. உலகம் முழுவதும் பாடப் புத்தகங்களைத் திருத்தவேண்டி வந்தது.

அந்த மஞ்சள் தூள் ஒரே பொருள் அல்ல, சில பொருள்களின் கலவை என்று பிற்கால ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆனால் செனான் சேர்ந்துவிட்டது என்பதில் மாற்றம் இல்லை.

வெயிலே போதும்!

செய்தி பரவியது. அமெரிக்காவில் ஆர்கான் சோதனைச்சாலை விஞ்ஞானிகள் வேலையில் இறங்கினார்கள். கிளாசன், செலிக், மாம் என்ற மூவர், ஒரு நிக்கல் பாத்திரத்தில் செனானையும் புளோரினையும் அடைத்தார்கள். 400 டிகிரி சூடு காட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குளிர வைத்தார்கள்.

நிறமற்ற பளபளப்பான படிகங்கள் கிடைத்தன. பிளாட்டினம்கூடத் தேவைப்படவில்லை! அதில் செனான் நான்கு எலக்ட்ரானைக் கொடுத்திருந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹோப்பே என்ற விஞ்ஞானியின் குழு, இரண்டு கொடுத்த செனானைத் தயாரித்தது.

பிறகு தெரியவந்த விஷயம்தான் எல்லாவற்றையும்விட வேடிக்கை. ஈரம் இல்லாத கண்ணாடிக் குடுவையில் செனானையும் புளோரினையும் அடைத்து வெயிலில் வைத்தாலே போதும். படிகம் வளரும்!

வெயிலுக்கா பஞ்சம்? புளோரின் 1886 முதல் இருந்தது. செனான் 1898 முதல் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வெயிலில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

முவாசான் ஏன் தோற்றார் என்பதும் இப்போது விளங்கும். அவர் கையில் கிடைத்தது ஆர்கான். அதன் விலை 15.8. கதவைத் தட்டியது சரிதான். தட்டிய வீடுதான் கஞ்சன் வீடு! ஒரு வீட்டில் கிடைக்காததை வைத்து, தெரு முழுவதுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

கண்ணில் பாய்ந்த கண்ணாடி

வெற்றிக்கு விலை கொடுக்கவேண்டி இருந்தது.

1963 ஜனவரி மாதம். பார்ட்லெட்டும் ராவ் என்ற ஆராய்ச்சி மாணவரும் புதிதாகக் கிடைத்த செனான் படிகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கூர்ந்து பார்ப்பதற்காகப் பார்ட்லெட் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ராவும் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்து, படிகம் வெடித்தது!

கண்ணாடித் துண்டுகள் இருவர் கண்ணிலும் பாய்ந்தன. இருவரும் நான்கு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பார்ட்லெட் கண்ணில் தங்கிய ஒரு துண்டு, 27 ஆண்டு கழித்துத்தான் எடுக்கப்பட்டது.

செனானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள் பொல்லாதது. செனான் விருப்பம் இல்லாமல் கொடுத்தவன் அல்லவா? சமயம் கிடைத்தால் உறவை முறித்துக்கொண்டு பழையபடி தனி வாயு ஆகிவிடும். அந்த வேகம்தான் வெடிப்பு. இந்த அபாயத்தைப்பற்றி மற்ற விஞ்ஞானிகளுக்கு எச்சரிக்கையாக இருவரும் ஒரு கட்டுரையே எழுதினார்கள்.

பார்ட்லெட் பிறகு அமெரிக்கா சென்று, பிரின்ஸ்டனிலும் பெர்க்லியிலும் பேராசிரியராக இருந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை. 2008-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, 75-வது வயதில் காலமானார்.

எட்டு வரை கொடுத்த செனான்

ஒரு முறை கை நீட்டிய செனான், பிறகு நிறுத்தவே இல்லை. கூட்டல் 2, கூட்டல் 4, கூட்டல் 6, கூட்டல் 8 என்று கொடுத்துக்கொண்டே போயிற்று. எட்டு இருக்கையில் இருந்த எட்டையும் கணக்கில் எழுதிவிட்டது!

எட்டு கொடுப்பது சாதாரண விஷயம் அல்ல. உலோகங்களிலேயே ஆஸ்மியம், ருத்தேனியம் போன்ற சிலதான் அந்த அளவுக்குக் கொடுக்கும். "பூஜ்யம்" என்று ஒதுக்கி வைக்கப்பட்ட வாயு, கொடையில் பெரிய உலோகங்களோடு சமமாக உட்கார்ந்துவிட்டது.

உலோகங்களும் சும்மா இருக்கவில்லை. எட்டுத்தான் எல்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2014-ம் ஆண்டு இரிடியம் என்ற உலோகம் 9 கொடுக்கும் நிலையை விஞ்ஞானிகள் கண்டார்கள். அந்த எல்லையும் போயிற்று!

மற்ற மந்த வாயுக்கள் என்ன ஆயின? விலை மிகக் குறைந்த ரேடான் 1962-ம் ஆண்டிலேயே புளோரினோடு சேர்ந்தது. மறு ஆண்டில் கிரிப்டானும் சேர்ந்தது. ஆர்கான் அவ்வளவு எளிதில் மசியவில்லை. 2000-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 265 டிகிரி குளிரில், அதையும் ஒரு கூட்டுப்பொருளில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் குளிர் குறைந்தால் அது பிரிந்துவிடும்.

நியான் இன்னும் பிடிவாதம்தான். புட்டியில் போட்டு வைக்கக்கூடிய நியான் கூட்டுப்பொருள் ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை.

நமக்கு என்ன லாபம்?

"சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன? நமக்கு என்ன லாபம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

செனானும் புளோரினும் சேர்ந்த படிகம் இன்று தொழிலுக்குப் பயன்படுகிறது. சிலிக்கான் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பள்ளங்களை அதைக்கொண்டு அரிக்கிறார்கள். மிகச் சிறிய கருவிகளைச் செய்ய அந்த வேலை தேவை. மற்றப் பொருள்களில் புளோரினை நிதானமாகச் சேர்ப்பதற்கும் அது உதவுகிறது. கொலைகாரப் புளோரினை நேராகக் கையாளுவதைவிட, செனான் கையில் கொடுத்து வாங்குவது எளிது!

முவாசானிடம் சேர மறுத்த ஆர்கானும் புளோரினும்கூட இன்று ஒரு வேலையில் சந்திக்கின்றன. மின்சார வேகத்தில், கண் சிமிட்டும் நேரத்தைவிட மிக மிகக் குறைந்த நேரம், இரண்டும் ஒட்டிப் பிரிகின்றன. பிரியும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரிய ஒளி பிறக்கிறது. கிட்டப்பார்வைக்காகச் செய்யும் லேசர் கண் சிகிச்சையில், விழியின் மேல் பரப்பை இழை இழையாகச் சீவித் திருத்துவது அந்த ஒளிதான். கம்ப்யூட்டர் சில்லுகளில் நுண்ணிய கோடுகளைப் பதிக்கவும் அது பயன்படுகிறது.

வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடமும் உண்டு. புத்தகத்தில் அச்சாகி இருக்கும் விதியை மனப்பாடம் செய்யுங்கள். பரீட்சைக்கு அது வேண்டும். ஆனால், அந்த விதியை யார் சோதித்தார்கள், எதைச் சோதித்தார்கள் என்று ஒரு கேள்வியும் கேட்டு வையுங்கள். ஆர்கானைச் சோதித்துவிட்டுச் செனானுக்கும் சேர்த்து எழுதிய தீர்ப்பு, 68 ஆண்டு உயிரோடு இருந்தது. அதைச் சாய்க்க ஒரு பெரிய சேனை தேவைப்படவில்லை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரண்டு எண்களே போதுமானதாக இருந்தன!